'பி'யும் 'டி'யும் ஏன் குழம்புகின்றன?

யூ.கே.ஜி. படிக்கும் மகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'பி'யை (b) 'டி'யாகவே (d) எழுதுகிறாள், கண்ணில் கோளாறா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கண் நன்றாகவே இருக்கும். எழுத்து என்ற ஊடகம் அவளுடைய பார்வையை இன்னும் முழுசாக மாற்றவில்லை, அவ்வளவுதான்.

எழுத்து பிறந்து சுமார் 5,000 ஆண்டுகள். மூளையில் அதற்கென்று தனி இடம் உருவாக அது போதாது. அதனால் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில், இடப்பாதியின் அடிப்புறத்தில், ஒரு துண்டை வாசிப்பு பிடித்துக்கொள்கிறது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹானின் குழுவினர் பிரேசில், போர்ச்சுகல் நாட்டவர் 63 பேரை ஸ்கேன் செய்து 2010-இல் இதைக் காட்டினார்கள். வயதான பிறகு படிக்கக் கற்றவர்களிடமும் மாற்றம் தெரிந்தது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தத் துண்டுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: இடம், வலம் பார்க்காது. புலி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஓட வேண்டியதுதானே! ஆங்கில எழுத்திலோ ஒரு கோடு, ஒரு வட்டம். வட்டம் கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் 'பி', இடப்பக்கம் என்றால் 'டி'. கோடு கீழே இறங்கினால் இன்னும் இரண்டு எழுத்து (p, q). புலியிடம் உதவிய வழக்கத்தைக் குழந்தை இங்கே மறந்தாக வேண்டும்.

தமிழில் இப்படிக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிய எழுத்து ஜோடிகள் கிடையாது. அப்படியானால் தமிழ் மட்டும் படித்தவர்களிடம் அந்தப் பழைய வழக்கம் அப்படியே இருக்குமா? மொழியியலாளர் எரிக் பீடர்சன் இதைத் தமிழர்களிடமே சோதித்தார். ஒரு சின்ன உருவத்தைக் காட்டி, ஒரு கோட்டுச் சித்திரத்துக்குள் அது இருக்கிறதா என்று கேட்பார். சிலவற்றில் அது இடவலம் மாறிக் கிடக்கும். எழுத்தறியாதவர்களும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் 'இருக்கிறது' என்றார்கள். ஆங்கிலம் எழுதப் பயன்படும் ரோமன் எழுத்தும் தெரிந்தவர்கள் 'இது அது இல்லை' என்று தள்ளினார்கள். சித்திரத்தில் எழுத்தே கிடையாது என்பதைக் கவனியுங்கள்!

நம்மவர்களிடம் செய்த இந்தச் சோதனைக்கு ஸ்கேனர்கூடத் தேவைப்படவில்லை. சில அட்டைகளும் நல்ல கேள்வியும் போதும். நம் கல்லூரிகள் இதையெல்லாம் ஏன் கையில் எடுக்கக் கூடாது? இங்கே பணம் போவது, கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கவைப்பதாகச் சொல்லும் 'மிட்பிரெய்ன்' வகுப்புகளுக்கு. சுத்த ஏமாற்று வேலை.

வாசகிக்கு: ஏழெட்டு வயதுவரை இது சகஜம். எழுத்துகளை விரலால் வரையச் சொல்லுங்கள். 'பி'க்கு முதலில் கோடு, 'டி'க்கு முதலில் வட்டம் என்று கை பழகட்டும். அந்த வயது தாண்டியும் வாசிப்பிலேயே திணறினால் சிறப்புக் கல்வியாளரிடம் காட்டுங்கள்.