நில்லா நிலையம்: ‘கோஸ்ட் ஸ்டேஷன்’ என்பதற்குத் தமிழ்

சுரங்க ரயில் பாதையில் பயணிகள் ஏறி இறங்குவதை நிறுத்தி, மூடி வைத்த நிலையத்தையோ நடைமேடையையோ ‘கோஸ்ட் ஸ்டேஷன்’ என்கிறார்கள். இதை அப்படியே ‘பேய் நிலையம்’ என்று தமிழாக்கினால், படிப்பவர் மனம் அமானுஷ்யக் கதைக்குப் போய்விடும். அது ஏன் மூடப்பட்டது என்ற கேள்வியே எழாது.

சொல் பிறந்த இடம் ஜெர்மனி. ‘கைஸ்ட்’ என்றால் ஆவி, ‘பான்ஹோஃப்’ என்றால் ரயில் நிலையம்; இரண்டும் சேர்ந்து ‘கைஸ்டர்பான்ஹோஃப்’. 1961 ஆகஸ்ட் 13 அன்று, கிழக்கு, மேற்கு எனப் பிரிந்திருந்த பெர்லினின் நடுவே எல்லை அடைக்கப்பட்டது. யூ6, யூ8 என்ற சுரங்க ரயில் தடங்களும், எஸ்-பான் என்ற நகர ரயிலின் வடக்கு-தெற்குச் சுரங்கமும் மேற்கில் புறப்பட்டு, கிழக்கு பெர்லினுக்கு அடியில் ஓடி, மீண்டும் மேற்கில் வெளிவந்தன. கிழக்கில் இருந்த நிலையங்களின் வாசல்கள் மூடப்பட்டன. எல்லைக் காவலர் நின்ற அரையிருட்டு நடைமேடைகளை ரயில்கள் வேகம் குறைத்துக் கடந்தன. ஃபிரீட்ரிஷ்டிராஸெ மட்டும் விலக்கு, அங்கே இறங்கலாம். மேற்கு பெர்லின் வரைபடங்களில் பேயும் இல்லை, ஆவியும் இல்லை: ‘ரயில்கள் நிற்காத நிலையங்கள்’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். யானோவிட்ஸ்பிருக்கெ நிலையம் 1989 நவம்பர் 11 அன்று முதலாவதாகத் திறந்தது.

நியூயார்க்கின் சிட்டி ஹால் நிலையம் மூடப்பட்டதற்குக் காரணம் அரசியல் அல்ல, வளைவு. 1904 அக்டோபர் 27 அன்று திறந்த அந்த நிலையத்தின் நடைமேடை, ரயில் திரும்பும் வளையத்தின் வெளிப்பக்கத்தில் வில்லாக வளைந்திருக்கிறது. பெட்டியோ நேரானது. அதன் இரு முனைகளும் நடைமேடையை ஒட்டி நிற்க, நடுப்பகுதி உள்ளே விலகிவிடும். தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு விலகும் என்ற கணக்கு எளிது: பெட்டியின் இரு சக்கரத் தொகுதிகளுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை, வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். தூரம் 11 மீட்டர், ஆரம் 45 மீட்டர் என்றால், விலகல் ஏறத்தாழ 34 செ.மீ. ஒரு குழந்தையின் கால் முழுதாக உள்ளே போகும் அகலம்! முனைகளில் மட்டும் கதவு இருந்த பழைய பெட்டிகளுக்கு இதனால் தொல்லை இல்லை. நடுவிலும் கதவு வைத்த பெட்டிகள் வந்ததும் அது ஆபத்தானது. நீளமான ரயில்களுக்காக வளைவில் நடைமேடையை நீட்டுவதும் எளிதல்ல. பக்கத்திலேயே புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம் வேறு இருந்தது. 1945 டிசம்பர் 31 அன்று மூடினார்கள். 6-ஆம் தட ரயில்கள் இன்றும் அந்த வளையத்தில்தான் திரும்புகின்றன.

இந்த இரண்டுக்கும் பொருந்தும் சொல் ‘நில்லா நிலையம்’. ரயில் போகிறது, நிற்பதில்லை; சொல்லிலேயே பொருள் இருக்கிறது. ஒரு மேடை மட்டும் மூடியிருந்தால் ‘நில்லா நடைமேடை’ எனலாம். பேச்சில் ‘பிளாட்பாரம்’ தெருவோர நடைபாதையையும் குறிக்கும் என்பதால், எழுத்தில் ‘நடைமேடை’யே தெளிவு.

ரயில் சேவையே நின்றுபோன இடத்துக்கு இந்தச் சொல் ஆகாது. லண்டனின் ஆல்ட்விச் அப்படிப்பட்டது. பயணிகள் குறைவு, பழைய லிஃப்டுகளை மாற்றப் பெருஞ்செலவு. இரண்டும் சேர்ந்து 1994 செப்டம்பர் 30 அன்று அந்தக் கிளைப் பாதையையே மூட வைத்தன. அதைக் ‘கைவிட்ட நிலையம்’ என்றே எழுத வேண்டும்.