நேரலை: "லைவ் ஸ்ட்ரீமிங்" என்னும் சொல்லுக்குத் தமிழ் எது?

ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் நூறு பேர் அமரக்கூடிய சிறு கூடத்தில் நாடகம் போடுகிற குழுக்கள், இப்போதெல்லாம் அழைப்பிதழின் அடியில் ஒரு வரியைக் கூடுதலாக அச்சிடுகின்றன. ஒரு குழு "லைவ் ஸ்ட்ரீமிங் உண்டு" என்கிறது. மற்றொன்று "நேரலை" என்கிறது. இன்னொன்று "இணையத்தில் நேரடி ஒளிபரப்பு" என்று எழுதுகிறது. மூன்றும் ஒரே பொருளைத் தருவதாகத் தோன்றினாலும், சொற்களைப் பிரித்துப் பார்த்தால் அப்படியில்லை என்பது தெரியும்.

ஆங்கிலத் தொடரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. "லைவ்" என்பது உயிரோடிருத்தலைக் குறிக்கும் "அலைவ்" என்பதன் குறுக்கம். நிகழும்போதே கேட்கப்படும் நிகழ்ச்சியை அச்சொல்லால் குறித்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, பிபிசியின் 1934ஆம் ஆண்டு நூலில் உள்ளது. ஒலித்தட்டில் பதிந்த நிகழ்ச்சிகளும் வானொலியில் வரத் தொடங்கியதால்தான், பதியாததற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பதிவு என்ற ஒன்று இல்லாத காலத்தில் கூத்து கூத்துதான். விடிய விடிய நடக்கும் அண்ணன்மார் கதையை "நேரில் நடப்பது" என்று அடைமொழி கொடுத்துச் சொல்ல வேண்டிய தேவை எவருக்கும் இருந்திருக்காது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டிப் படம் காட்டத் தொடங்கிய காலத்தில்தான், எதிரில் நடப்பதும் திரையில் ஓடுவதும் வேறு வேறு என்ற எண்ணம் இந்த ஊருக்கும் வந்திருக்க வேண்டும்.

"ஸ்ட்ரீம்" என்பது நீரோட்டம். பழைய ஆங்கிலத்திலிருந்தே அதற்கு அந்தப் பொருள் உண்டு. ஒழுகுதலைக் குறிக்கும் வடமொழியின் "ஸ்ரவதி"யும் அதற்கு உறவு என்று மொழிநூலார் காட்டுவர். கணினித் துறையார் இச்சொல்லை எடுத்துக்கொண்ட காரணத்தை நம் பக்கத்து விவசாயிக்கு எளிதில் சொல்லிவிடலாம். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, நிரம்பிய பிறகு பாய்ச்சுவது ஒரு முறை. கணினிக் கோப்பு முழுவதையும் இறக்கிக்கொண்டு பார்ப்பது அதைப் போன்றது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே மடையைத் திறந்து காட்டுக்குக் கட்டிவிடுவது மற்றொரு முறை. ஸ்ட்ரீமிங் அதைப் போன்றது. ஆனால் இந்த நீர் அறாத ஒழுக்கு அன்று. கேமரா தரும் படம் சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றாக வந்து, பார்ப்பவரின் கருவியில் சிறிது சேர்ந்த பிறகே காட்டப்படுவதால், சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை பின்தங்கல் நேர்கிறது. கோமாளியின் பேச்சுக்குக் கூடத்தில் எழுந்த சிரிப்பு அடங்கி, அடுத்த காட்சிக்கு விளக்கு மாறிய பிறகுதான் வெளியூர்ப் பார்வையாளரின் சிரிப்புப் பொம்மை அரட்டைப் பெட்டியில் வந்து விழும். நடிகருக்கு அது எவ்வகையிலும் உதவுவதில்லை.

ஆகவே "லைவ்" வேறு, "ஸ்ட்ரீம்" வேறு. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருந்தாக வேண்டியதில்லை. 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், கிளெமாங் அதேர் என்பவர் இசை நாடக அரங்கிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, கண்காட்சிக்கு வந்தவர்கள் காதில் குழல் வைத்துக் கேட்கச் செய்தார். லண்டனின் நேஷனல் தியேட்டர் 2009 முதல் தன் நாடகங்களைச் செயற்கைக்கோள் வழியாகத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. இவை நேரலைகள், ஸ்ட்ரீமிங் அல்ல. மாறாக, போன மாதம் பதிந்த நாடகத்தை இன்று யூடியூபில் அறிவித்த நேரத்தில் ஓடவிட்டால் அது ஸ்ட்ரீமிங், நேரலை அன்று. 2020 ஊரடங்கின்போது பதிவையே "லைவ்" என்று சொல்லிக் காட்டியவர்களும் உண்டு. சீட்டு வாங்கியவனுக்கு அது ஏமாற்றம்தான்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். "நேரலை" தொலைக்காட்சிகள் பழக்கப்படுத்திய சொல். இதை நேரம் + அலை என்று பிரிப்பவர்கள் உண்டு. மரம் + அடி மரவடி ஆவதுபோல, அது நேரவலை என்றே புணரும். நேர் + அலை என்பதே சரியான பிரிப்பு. இணையம் கண்ணாடி இழையில் செல்வதால் "அலை" பொருந்தாது என்பாரும் உளர். ஒளியும் அலைதான்; கைப்பேசிக்குக் காற்றில் வருவதும் அலைதான். இந்த மறுப்பில் சாரமில்லை.

"ஒளிபரப்பு" என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஆங்கிலத்தில் அதற்கு மூலமான "பிராட்காஸ்ட்" முதலில் விதையைக் கையால் வீசித் தூவுவதைக் குறித்தது. பரப்பு என்ற தமிழும் அதற்கு ஒத்ததே. ஆனால் சிறு குழுக்கள் பணம் கட்டியவருக்கு மட்டும் இணைப்பு அனுப்புகின்றன. அது சோளம் விதைப்பதைப் போன்றதன்று, மஞ்சள் நடுவதைப் போன்றது. எல்லாருக்கும் திறந்துவிட்டால் மட்டும் பரப்பு என்று சொல்லலாம்.

"ஸ்ட்ரீம்" என்பதற்கு நேரான சொல் "ஓடை". ஓடு என்ற வினையிலிருந்து வந்தது. "படம் ஓடுது", "லைவ் ஓடுதுங்களா?" என்று நாம் முன்பே பேசிக்கொண்டிருப்பதால், வினையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. "தாரை" என்று மொழிபெயர்ப்பதும் தகும். ஆனால் கொங்கில் தாரை என்றால் நோம்பிக்கு ஊதும் நீண்ட குழல்தான் நினைவுக்கு வரும் என்பதால் நான் அதை விட்டுவிடுகிறேன். அரங்கம் என்ற சொல்லுக்கும் ஆற்றிடைக்குறை என்றொரு பொருள் உண்டு. ஓடைக்கும் அரங்கத்துக்கும் நீர்வழி உறவு இருப்பது தற்செயலானாலும் இனியது.

என் தேர்வு இது: நிகழ்ச்சியைக் குறிக்க "நேரலை", நுட்பத்தைக் குறிக்க "ஓடை", இரண்டையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் "நேரலை ஓடை". அழைப்பிதழுக்கு முதற்சொல் போதும். அங்கும் சொல் நிற்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். "நாடக நேரலை" என்றால் கூடத்தில் அவையோர்முன் நடக்கும் நாடகத்தை வெளியூரார்க்கும் காட்டுவது. "நேரலை நாடகம்" என்றால் கூடமே இல்லாமல், நடிகர்கள் தத்தம் வீட்டிலிருந்தபடி கேமராவுக்கென்றே ஆடுவது. திருப்பூரில் கூடம் பிடித்துக் காட்சி நடத்துகிறவர் இரண்டாவதை அச்சிட்டால், உள்ளூர்க்காரர் நேரில் வர இடமில்லை போலும் என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். "நேரலை செய்யப்படும்" என்ற செயப்பாட்டு வினையும் வேண்டாம். "வெளியூர் அன்பர்கள் நேரலையில் பார்க்கலாம்" என்று எழுதினால் யாருக்கு எது என்பது ஒரே வரியில் விளங்கிவிடும்.