நீரடிமுத்து: நஞ்சும் மருந்தும் ஒரே வளையத்திலிருந்து

திகைத்துப்போய் நிற்கும் ஒருவரைப் பார்த்தால் கேரளத்தில் ‘மரோட்டிக்காய் தின்ற காக்கை மாதிரி’ என்பார்கள். அந்த மரோட்டிதான் தமிழில் நீரடிமுத்து; மரவெட்டி என்றும் சொல்வார்கள். தாவரவியலில் ஹைட்னோகார்பஸ் பென்டாண்ட்ரஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், ஓடைக்கரை, ஆற்றங்கரை ஓரமாக வளரும் மரம். உலகில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருண்டையான, கெட்டி ஓடுள்ள காய்கள் தொங்கும். உடைத்தால் உள்ளே பல விதைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்.

அந்த எண்ணெயை ஊற்றி, காயின் ஓட்டையே இரண்டாகப் பிளந்து அகலாக வைத்துக் கோயில்களில் விளக்கெரித்திருக்கிறார்கள். ஆனால் இந்த எண்ணெயும், இதே இனத்து மரங்களின் எண்ணெயும் உலகப் புகழ் பெற்றது வேறொன்றுக்காக. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தொழுநோய்க்கு ஓரளவேனும் பலன் தந்த முக்கிய மருந்து இதுதான். அப்படியானால் காக்கைக்கு என்ன ஆனது?

காக்கையைத் தாக்கியது சயனைடு. இந்தத் தாவரக் குடும்பத்து மரங்கள் கைனோகார்டின் என்னும் பொருளைத் தயாரித்து வைத்திருக்கின்றன. சயனைடு தரும் பகுதி ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து, அடங்கியிருக்கும் வடிவம் அது. அதை உடைக்கும் நொதி திசுவிலேயே தனியாக இருக்கும். இலையோ விதையோ கடிபட்டு நசுங்கும்போது இரண்டும் கலக்கின்றன. சர்க்கரை கழன்று, ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. காயை நசுக்கி நீரில் போட்டு மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கமும் இருந்தது.

இந்த நஞ்சைத் தாங்கப் பழகிய உயிர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இதே குடும்பத்து மரமொன்றைத் தின்று வளரும் அக்ரேயா ஹோர்ட்டா என்னும் வண்ணத்துப்பூச்சி, கைனோகார்டினைத் தன் உடலிலேயே சேமித்துக்கொள்கிறது. நம் பக்கம் நீரடிமுத்து இலையைத் தின்று வளர்வது தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சியின் புழு. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதே, அதேதான். மாநிலச் சின்னத்தைத் தெரிந்த பலருக்கு அதற்குச் சோறு போடும் மரத்தைத் தெரியாது என்பது எனக்கு வருத்தமே.

இனி எண்ணெய்க்கு வருவோம். அடர்காட்டின் நிழலில் முளைக்கும் கன்றுக்கு வெயில் எளிதில் எட்டாது. முதல் இலைகள் விரிந்து வேலை தொடங்கும்வரை விதையின் சேமிப்பை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கு மேல் ஆற்றல் தருவது கொழுப்பு. ஆகவே எண்ணெய் சேர்த்துவைப்பதில் வியப்பில்லை. வியப்பு, அந்த எண்ணெய் கட்டப்படும் விதத்தில்.

தேங்காயோ எள்ளோ நிலக்கடலையோ, எல்லாத் தாவரங்களும் கொழுப்பு அமிலத்தை ஏறக்குறைய ஒரே முறையில்தான் கட்டுகின்றன. இரண்டு கார்பன் கொண்ட ஒரு துண்டில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் மேலும் இரண்டு கார்பனைச் சேர்த்துக்கொண்டே போகும். பூத்தொடுப்பவர் இரண்டிரண்டு பூவாக வைத்துக் கட்டிச் சரத்தை நீட்டுவது போல. நீரடிமுத்து மரமும் அப்படித்தான் கட்டுகிறது. ஆனால் பெரும்பகுதிச் சரங்களை அது தொடங்கும் இடம் வேறு. இரண்டு கார்பன் துண்டுக்குப் பதிலாக, ஐந்து கார்பன்கள் கைகோத்த ஒரு வளையத்தையும் அதனோடு ஒட்டிய ஒரு கார்பனையும் முதலில் வைக்கிறது. ஆறு கார்பனில் தொடங்கி ஐந்து சுற்று முடிந்தால் 16 கார்பன். அது ஹைட்னோகார்பிக் அமிலம். இன்னொரு சுற்று சேர்ந்தால் 18. அது சால்மூக்ரிக் அமிலம். இரண்டுக்கும் வால் முனையில் அந்த வளையம் இருக்கும். நம் சமையல் எண்ணெய் எதிலும் இப்படியொரு அமைப்பு கிடையாது.

வளையம் எங்கிருந்து வருகிறது? சைக்ளோபென்டினைல் கிளைசின் என்னும் ஓர் அமினோ அமிலத்திலிருந்து. கைனோகார்டினுக்கும் மூலப்பொருள் இதே அமினோ அமிலம்தான். ஒரே வளையத்தை எடுத்து ஒரு பக்கம் சயனைடு நஞ்சாகவும் மறுபக்கம் கொழுப்பாகவும் ஆக்குகிறது மரம். தாவர வேதியியலில் நான் படித்தவற்றுள் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு நினைவில் இல்லை.

வளையம் எண்ணெய்க்கு இன்னொரு குணத்தையும் தருகிறது. வளையத்தில் கொழுப்புச் சரம் ஒட்டியிருக்கும் கார்பன் அணு, தன் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒன்றாகப் பொருந்தாத வடிவம் கொண்டது. அதனால் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை இந்த எண்ணெய்க்குள் செலுத்தினால் அந்தத் தளம் வலப்பக்கமாக நன்றாகத் திரும்பிவிடும். மற்ற விதை எண்ணெய்களில் இந்தத் திருப்பம் அநேகமாக இருக்காது. எனவே கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒளியைத் திருப்பிப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது.

கலப்படத்தைவிடப் பெரிய குழப்பம் ஒன்றும் இருந்தது. கல்கத்தாச் சந்தையில் தொழுநோய் மருந்துக்காகச் சால்மூக்ரா என்ற பெயரில் விற்ற விதை கைனோகார்டியா ஒடோராட்டா மரத்தினுடையது என்று 19ஆம் நூற்றாண்டு முழுக்கத் தாவரவியலாளர்கள் நம்பினார்கள். அந்த மரத்தில் கைனோகார்டின் நஞ்சு உண்டு. நஞ்சின் பெயரே அந்த மரத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் எண்ணெயில் வளையக் கொழுப்பு இல்லை. 1904இல் லண்டனில் ஃபிரெடரிக் பவர் என்னும் வேதியியலாளர் சால்மூக்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்த காலத்தில்தான் இது தெளிவானது. உண்மையான சால்மூக்ரா, பர்மா, அசாம் காடுகளில் வளரும் நீரடிமுத்தின் உறவுக்கார மரம். அதைத் தேடி 1920இல் அமெரிக்க வேளாண்துறை ஜோசப் ராக் என்னும் தாவரவியலாளரை அனுப்பியது. அவர் சயாமில் தொடங்கிப் பர்மாக் காடுகளில் மரத்தைக் கண்டு, விதைகளைச் சேகரித்தார்.

மருந்தாக இதன் வரலாறு மிகப் பழையது. மேற்குக் கடலோர நிலங்களில் வளரும் துவரக மரம் என்று சுசுருத சம்ஹிதை சொல்வதை நீரடிமுத்து என்றே அடையாளம் காண்கிறார்கள். சித்த மருத்துவத்திலும் இதற்கு இடமுண்டு. 1854இல் கல்கத்தாவில் மருத்துவர் ஃபிரெடரிக் மௌவட் சால்மூக்ராவை மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார். ஆனால் குடித்தால் வாந்தி. ஊசியில் ஏற்றினால் கெட்டியான எண்ணெய் தோலுக்கடியில் கட்டிக்கொண்டு புண்ணாகும்.

இந்தச் சிக்கலை ஹவாயில் எதிர்கொண்டவர் ஆலிஸ் பால் என்னும் 23 வயதுக் கறுப்பினப் பெண் வேதியியலாளர். 1915இல் ஹவாய்க் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. ஹாரி ஹால்மன் என்னும் மருத்துவர் அவரிடம் உதவி கேட்டார். எண்ணெய் என்பது ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் கனத்த அமைப்பு. பால் கிளிசராலைக் கழற்றி, அமிலங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் எத்தில் ஆல்கஹாலோடு சேர்த்தார். கிடைத்த எத்தில் எஸ்ட்டர் தண்ணீர் போல நெகிழ்ந்து, ஊசியில் எளிதாக ஏறியது; வளையம் அப்படியே இருந்தது. புங்க எண்ணெயைப் பயோடீசலாக்கும்போது நடப்பதும் இந்த வகை வினைதான்.

1916 டிசம்பர் 31இல், 24 வயதில், தன் முடிவுகளை வெளியிடும் முன்பே பால் இறந்துபோனார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் பணியைத் தொடர்ந்து, பால் பெயரைச் சொல்லாமலே வெளியிட்டார். 1922இல் ஹால்மன் தன் கட்டுரையில் ‘பால் முறை’ என்று எழுதியிராவிட்டால் அந்தப் பெயர் மறைந்தே போயிருக்கும். ஹவாய்ப் பல்கலைக்கழகம் அவருக்கு நினைவுப் பலகை வைத்தது 2000இல். மிகத் தாமதம்.

வளையக் கொழுப்பு கிருமியை என்ன செய்கிறது? தொழுநோய்க் கிருமியை இன்றுவரை ஆய்வகக் கலத்தில் வளர்க்க முடியவில்லை. ஆகவே அதன் உறவுக் கிருமிகளில்தான் சோதித்தார்கள். இந்தக் கிருமிகளின் உறை கொழுப்பால் செறிந்தது. வெளியிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களை அவை ஆவலாக உள்ளே எடுத்துக்கொள்ளும். வளைய அமிலமும் அப்படியே உள்ளே போய், சவ்வின் கொழுப்புகளில் இடம்பிடிக்கிறது. பயோட்டின் என்னும் வைட்டமினின் வேலையை ஹைட்னோகார்பிக் அமிலம் தடுக்கிறது என்பதற்கும் 1970களில் சான்று கிடைத்தது. இவை கிருமியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தின. முழுதாக அழித்துவிடும் வலிமை இல்லை. ஆரம்ப நிலையில் சிலருக்கு நன்றாகவே குணம் தெரிந்தது. பலருக்கு நோய் திரும்பி வந்தது. வாரம்தோறும் வலிமிகுந்த ஊசியை ஆண்டுக்கணக்கில் தாங்கியவர்களை நினைத்தால், இதை அற்புத மருந்து என்று எழுத மனம் வரவில்லை.

1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. அவற்றுள் ஒன்றான டாப்சோனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர், நம் செங்கல்பட்டில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் காக்ரேன். அதற்குப் பிறகு எண்ணெய் ஊசி மெல்ல விடைபெற்றது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் ஆகியவற்றைக் கொண்ட கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இன்று அதுவே சிகிச்சை. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். நாட்டுமருந்துக் கடையில் நீரடிமுத்து விதை கிடைக்கிறதே என்று யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். தோலில் தொட்டால் உணர்வில்லாத வெளிர்ந்த படை தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள்.