பனி நண்டா, டேனர் நண்டா? வாயைப் பாருங்கள்

'ஸ்னோ கிராப்' என்று உறைய வைத்து விற்கும் கால்களெல்லாம் ஒரே நண்டினுடையவையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. சிலந்தி நண்டுக் கூட்டத்தைச் சேர்ந்த உறவுக்கார இனங்கள் அந்தப் பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் முக்கியமானவை இரண்டு: கயோனிசீட்டஸ் ஒபிலியோ என்ற பனி நண்டு, கயோனிசீட்டஸ் பெயர்டி என்ற டேனர் நண்டு.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை. 2022 அக்டோபரில் அங்கே பனி நண்டுப் பிடிப்பை முதன்முறையாக நிறுத்தினார்கள். டேனர் நண்டுக்கு அனுமதி இருந்தது. இரண்டுமோ ஒரே கூண்டில் ஏறி வரக்கூடியவை.

அளவை நம்ப முடியாது. டேனர் பெரிதாக வளரும், சரி. ஆனால் இளம் டேனரும் முதிர்ந்த பனி நண்டும் ஒரே அகலத்தில் இருக்கும். ஓட்டின் முள்ளையும் நம்ப முடியாது. இந்த நண்டுகள் கடைசியாக ஒருமுறை ஓடு கழற்றிய பிறகு வளர்வதே இல்லை. அதே ஓட்டோடு ஆண்டுக்கணக்கில் திரிவதால் முள் தேய்ந்துவிடும்.

கண் நல்ல அடையாளம்: டேனருக்குச் சிவப்பு, பனி நண்டுக்குப் பச்சை. உயிரோடு இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். செத்தால் நிறம் மங்கும், வேகவைத்தால் போயே போய்விடும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது வாய். என்னைக் கேட்டால் இதுதான் அழகான அடையாளம். நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, முகம் உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். வாயை இரட்டைக் கதவுபோல் மூடியிருப்பவை தாடைக்கால்கள். அந்தக் கதவுக்கு மேலே, நிலைச்சட்டத்தின் மேற்கட்டைபோல ஓர் ஓட்டுத் தகடு இருக்கும். வாய்நுரை அதை மறைத்தால் கட்டைவிரலால் துடைத்துவிடுங்கள். தகட்டின் விளிம்பு நடுவில் பள்ளம் விழுந்து, இரு பக்கமும் மேடாக, ஆங்கில 'எம்' எழுத்துபோல் இருந்தால் டேனர். கோடு இழுத்ததுபோல் நேராக இருந்தால் பனி நண்டு. இது நிறமல்ல, ஓட்டின் வடிவம். வெந்த நண்டிலும் அப்படியே நிற்கும். குளிர்காற்றில் நண்டை நெடுநேரம் வைத்திருந்தால் காலை உதிர்த்துவிடும், சாகவும் சாகும். பார்த்தவுடன் முடிவெடுக்க வேண்டும்.

குழப்பம் எங்கே வரும் என்றால், இரண்டும் கலந்து பிறக்கும் குட்டிகளில். சிவப்புக் கண்ணோடு ஏறக்குறைய நேரான விளிம்பும் வரலாம், ஆழமில்லாத 'எம்' வடிவமும் வரலாம். கணக்கெடுப்பவர்கள் இவற்றைக் கலப்பினம் என்று தனியாகப் பதிகிறார்கள். இப்படி விளிம்பு பார்த்துப் பிரிக்கும் வகைப்பாட்டு வேலைக்கு நிதி கேட்டால் பழைய பாணி என்று ஒதுக்குவது எனக்குப் புரியாத விஷயம். மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய நண்டு எது என்பதையே அந்த விளிம்பைப் பார்த்துத்தான் பொறுக்குகிறார்கள்.