குளத்துப் பாசிக்கு அவசரப் பெயர் வேண்டாம்

கோடையில் ஊருணித் தண்ணீர் பச்சை பிடித்தால், ஊர்க்காரர்கள் ஒரு பாட்டிலில் மொண்டு வந்து எங்கள் ஆய்வக மேசையில் வைக்கிறார்கள். "இது என்ன பாசி? குடிக்கலாமா?" முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கும் தெரிந்துவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை. பரிசோதிப்பவர்கள் பலருக்கும் அதே நம்பிக்கை இருப்பதுதான் சிக்கல். நுண்ணோக்கியில் பச்சை உருண்டைகள் கூட்டமாகத் தெரிந்தால் 'மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா' (நஞ்சு சுரக்கக்கூடிய ஒரு பாசி) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். புகழ்பெற்ற பெயர் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் பல நேரங்களில் இருப்பதில்லை.

நம் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் பெரும்பாலானவற்றை எந்தப் பாசியியலாளரும் எட்டிப் பார்த்ததில்லை. கையில் இருக்கும் அடையாளக் கையேடுகளில் பல, குளிர்நாட்டு ஏரிகளை வைத்து எழுதப்பட்டவை. ஆகவே இங்குள்ள உயிரி அந்தப் பக்கங்களில் எதற்கு ஓரளவு ஒத்துப்போகிறதோ அந்தப் பெயரை வாங்கிக்கொள்கிறது.

பெயர் வைப்பதில் எவ்வளவு குழப்பம் வரலாம் என்பதற்கு நல்ல உதாரணம் ராஃபிடியாப்சிஸ் ராசிபோர்ஸ்கி. 1912இல் ஜாவாத் தீவு மாதிரிகளிலிருந்து அனபீனா என்ற பேரினத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நீலப்பசும்பாசி (பாசி என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் ஒரு பாக்டீரியா) இது. பின்னர் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்ற பேரினத்துக்கு மாறியது. இதன் மெல்லிய இழையின் நுனியில் நீர்த்துளி வடிவில் ஒரு செல் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் ஹெட்டிரோசிஸ்ட் அது. தண்ணீரில் நைட்ரஜன் சத்து தாராளமாக இருந்தால் இந்தச் செல் உருவாகாமலே போகலாம். அது இல்லாத இழைகளை ராஃபிடியாப்சிஸ் என்ற வேறு பேரினத்தில் சேர்த்து வந்தார்கள். 2018இல்தான், மரபணு ஆதாரத்தோடு, இரண்டையும் ஒரே பேரினமாக்கினார்கள். உரம் கரைந்து வந்து சேரும் நம் ஊர்க் குளத்தில் ஓர் இழையை மட்டும் பார்த்து முடிவு சொல்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பல பத்து இழைகளையாவது நுனி வரை பார்க்க வேண்டும்.

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை அல்ல. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், கல்லீரல் அழற்சி போன்ற நோயால் 148 பேர் பாதிக்கப்பட்டார்கள். மிகப் பெரும்பான்மையோர் குழந்தைகள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அத்தீவின் குடிநீர் அணையில் பாசியை ஒழிக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டிருந்தார்கள். பிற்பாடு அந்த அணையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது இதே ராசிபோர்ஸ்கி. மயில்துத்தம் செல்லை உடைக்கும். உள்ளே இருந்த நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். இன்னொரு சங்கதி, இந்தப் பாசி பெரும்பாலும் மேலே ஆடையாகப் படியாமல் நீருக்குள் பரவி நிற்கும். "மேலே ஏடு கட்டவில்லை, அதனால் பயமில்லை" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பாட்டிலில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: இரண்டு பாட்டில் கொண்டு வாருங்கள். ஒன்றில் உயிருள்ள மாதிரி, முக்கால் பாகம் மட்டும், வெயில் படாமல். மற்றதில், மாதிரி கெடாமலிருக்க, சில துளி லூகால் அயோடின் கரைசல். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவருவது பழைய பழக்கம். நிறமும் அசைவும் அதில் தொலைந்துபோகின்றன, பாதி அடையாளம் அவற்றில்தான் இருக்கிறது. அயோடின் பட்டதும் பசும்பாசிகளின் மாவுச்சத்து கருநீலமாகும், நீலப்பசும்பாசிகள் அப்படி ஆகா. யூக்ளினா என்ற நீந்தும் பச்சை நுண்ணுயிரியும் ஆகாது, ஆனால் அது உயிரோடு நீந்துவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழியும் உண்டு. கண்ணாடிச் சாடியில் தண்ணீரை எடுத்து, ஓர் இரவு குளிர்பெட்டியில் அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே திரண்டிருந்தால் நீலப்பசும்பாசி என்று சந்தேகிக்கலாம், அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் பசும்பாசி. (நீந்தும் யூக்ளினா இங்கேயும் ஏமாற்றும்.) மிதக்கவைப்பது செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள். 1890களில் கிளெபான் என்ற ஜெர்மானியர், பாசித் தண்ணீர் நிறைந்த பாட்டிலின் தக்கையைச் சுத்தியலால் அடித்தார். அழுத்தத்தில் குமிழ்கள் நசுங்கி, மிதந்த பாசி மூழ்கியது. இவ்வளவு எளிய சோதனைகள் இன்றைய பாடத்திட்டங்களில் இடம்பெறாதது எனக்கு வருத்தம்தான்.

நஞ்சு இருக்கிறதா என்பதை நுண்ணோக்கி சொல்லாது. ஒரே இனத்தில் நஞ்சு சுரக்கும் வகையும் சுரக்காத வகையும் உண்டு. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். கொதிக்கவைத்தால் மைக்ரோசிஸ்டின் (மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை சுரக்கும் நஞ்சு) அழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஆட்களால் முடியாத வேலையும் அல்ல இது. பாசியியலாளர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932இல் ஈரமண்ணில் வளரும் ஃபிரிட்சியெல்லா என்ற புதிய பாசிப் பேரினத்தையே விவரித்தார். தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பசும்பாசி நூலை இன்றும் உலகெங்கும் புரட்டுகிறார்கள். ஆனால் அதிலுள்ள பெயர்கள் பல மாறிவிட்டன. மிதக்கும் அனபீனாக்கள் 2009 முதல் டோலிகோஸ்பெர்மம். பெயர் மாறினாலும் செல்லின் அகலம், நீளம், உறை, படம் ஆகியவை மாறுவதில்லை. அவற்றைக் குறித்துவைத்தால் நாளை வேறொருவர் சரியான பெயரைத் தருவார். உறுதியில்லாதபோது பேரினத்தோடு நிறுத்துங்கள், 'எஸ்.பி.' (இனம் உறுதியாகவில்லை என்பதற்கான குறி) என்று எழுதுவதில் எந்த அவமானமும் இல்லை. வடிகட்டித் தாளில் ஒரு துளியை உலரவைத்துப் பத்திரப்படுத்தினால், பின்னால் மரபணு பார்க்கவும் வழியிருக்கும்.

கடைசியாக, இடம், தேதி, நேரம் எழுதிய சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், மை கரைந்துவிடும். மூடியில் ஒட்டாதீர்கள், மூடிகள் மாறிப்போகும். பாட்டிலில் ஒட்டுங்கள்.