படையீ: ‘சோல்ஜர் ஃபிளை’ என்ற பெயரின் பொருளும் அதற்குரிய தமிழும்

ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., தன் ஆய்வாளர்கள் புதிதாகப் பெயர் சூட்டிய உயிரினங்களை 2021ஆம் ஆண்டு அறிவித்தபோது, அவற்றுள் ஓர் ஈ தனியாகப் பேசப்பட்டது. உலோகப் பளபளப்போடு வானவில்லின் நிறங்களை உடலில் ஏந்திய அந்த ஈக்குப் பூச்சியியலாளர் பிரையன் லெசார்ட், ஒளிரும் ஆடைகளுக்குப் பேர்போன அமெரிக்க மேடைக் கலைஞர் ரூபாலின் பெயரைச் சூட்டியிருந்தார். ‘ஓபலுமா ரூபால்’ என்பது அதன் முழுப்பெயர். அது ‘சோல்ஜர் ஃபிளை’ குடும்பத்தைச் சேர்ந்தது. இச்செய்தியைத் தமிழில் எழுத முனைபவர் முதலில் இடறுவது இந்தக் குடும்பப் பெயரில்தான்: சிப்பாய் ஈ, படைவீரர் ஈ, வீரன் ஈ என்று ஆளுக்கொன்றாக எழுதிவருகிறோம்.

இக்குடும்பத்தின் அறிவியற்பெயர் ஸ்ட்ராட்டியோமையிடே. ‘ஸ்ட்ராட்டியோட்டெஸ்’ என்றால் கிரேக்கத்தில் படைவீரன்; ‘மையா’ என்றால் ஈ. பாரிஸ் மருத்துவரும் பூச்சி ஆய்வாளருமான எத்தியென் லூயி ஜெஃப்ருவா 1762இல் ‘ஸ்ட்ராட்டியோமிஸ்’ என்ற பேரினத்தை வகுத்தார். அதை அடிப்படையாகக் கொண்டு 1802இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லாட்ரெய்ல் குடும்பப் பெயரை அமைத்தார். ஆங்கிலப் பெயரும் கிரேக்கப் பெயரின் நேர் பெயர்ப்பாகவே அமைந்திருக்கிறது.

ஓர் ஈயைப் படைவீரன் என்று ஏன் அழைத்தார்கள்? சீருடைபோல் தோன்றும் அதன் நிறப்பட்டைகளைக் காரணம் காட்டுவோர் உண்டு. எனினும் வலுவான காரணம் அதன் முதுகில் இருக்கிறது. ஈயின் நடுவுடலின் பின்முனையில் ‘ஸ்குட்டெல்லம்’ என்ற சிறு தகடு ஒன்று உண்டு. ‘ஸ்குட்டம்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கேடயம் என்று பொருளாதலால், இதைச் சிறுகேடயம் என்று தமிழில் தயங்காமல் சொல்லலாம். இக்குடும்பத்தின் பல பேரினங்களில் அந்தச் சிறுகேடயத்தின் விளிம்பிலிருந்து கூரிய முட்கள் நீண்டிருக்கும்: ஸ்ட்ராட்டியோமிஸில் இரண்டு, பெரிஸ் என்ற பேரினத்தில் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வரை. கேடயமும் அதில் பதித்த ஈட்டிகளுமாக நிற்கும் பூச்சியைப் பார்த்தவர்கள் படைவீரனை நினைத்ததில் வியப்பில்லை. ஜெர்மானியர் வீரனை விட்டுவிட்டுக் கருவியையே பெயராக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் இக்குடும்பத்துக்கு ‘வாஃபன்ஃப்ளீகன்’, அதாவது ஆயுத ஈக்கள் என்று பெயர். லெசார்டின் ‘ஓபலுமா’வும் இதே வழியில் பிறந்த பெயர்தான். காட்டுத் தரையில் ஓபல் என்னும் மணிக்கற்களைப்போல மின்னுவதாலும் வயிற்றின் அடியில் ஒரு முள் இருப்பதாலும், ஓபலையும் முள்ளையும் குறிக்கும் இலத்தீன் சொற்களை இணைத்து அப்பெயர் ஆக்கப்பட்டது.

முள் என்பது இங்கே அலங்காரமன்று, அடையாளச் சான்று. புதிய சிற்றினம் ஒன்றை ‘விவரித்தல்’ என்று வகைப்பாட்டியலில் சொல்வது, நாளிதழ்கள் எழுதும் ‘கண்டுபிடித்தல்’ என்பதிலிருந்து வேறானது. (நம் பாடநூல்களின் பேரினம், சிற்றினம் ஆகியவற்றை இலங்கைப் பாடநூல்கள் சாதி, இனம் என்று வழங்கும், இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.) ஒரு பூச்சி பல ஆண்டுகளுக்கு முன்பே பிடிபட்டு, ஊசியில் குத்தப்பட்டு, அருங்காட்சியகப் பெட்டியில் பெயரின்றிக் கிடந்திருக்கலாம். அதன் முட்கள் எத்தனை, உணர்கொம்பின் கணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன, இறகின் நரம்புகள் எப்படி ஓடுகின்றன, அண்டை இனங்களிலிருந்து அது எதில் வேறுபடுகிறது என்றெல்லாம் எழுதி, ஒரே ஒரு மாதிரியைப் பெயருக்குரிய மூலமாதிரியாகக் குறித்து, அது எந்தச் சேகரத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் சொல்லி வெளியிட்ட பிறகே அந்த இனத்துக்கு முறைப்படியான பெயர் உண்டாகிறது. ஆகையால் ‘புதிய ஈ கண்டுபிடிப்பு’ என்பதைவிடப் ‘புதிதாக விவரிக்கப்பட்ட ஈ’ என்று எழுதுவதே பொருந்தும்.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். ‘சிப்பாய்’ பாரசீக மூலத்திலிருந்து வந்து நம்மிடம் தங்கிவிட்ட சொல், பிழையன்று. ஆனால் அது ஆளைக் காட்டுகிறதேயன்றி முள்ளைக் காட்டவில்லை. ‘படைவீரர் ஈ’ என்பதிலோ, ஈக்கு ‘அர்’ என்ற மரியாதை விகுதி தேவையின்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் ‘படை’ என்ற ஒரு சொல்லே சேனையையும் ஆயுதத்தையும் குறிக்கும். ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ என்ற குறளில் படை சேனை. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்ற குறளிலோ, கும்பிட்ட கைக்குள் மறைந்திருக்கும் கொலைக்கருவி. கிரேக்கர் சொன்ன வீரனையும் ஜெர்மானியர் சொன்ன ஆயுதத்தையும் ஒரே சொல்லில் அடக்கும் வாய்ப்பு நமக்கு இயல்பாகவே இருக்கும்போது அதை விடுவானேன்? தேன் என்பதோடு ஈ சேர்ந்து தேனீ ஆனதுபோல, படை என்பதோடு ஈ சேரும்போது யகர உடம்படுமெய் பெற்றுப் படையீ ஆகும். இதுவே என் தேர்வு.

இதற்கு ஒரு தடை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. மக்காச்சோளத்தை அழித்த அமெரிக்கப் படைப்புழுவை நம் உழவர்கள் நன்கு அறிவார்கள். படையீ என்றதும் அப்புழுவின் வளர்ந்த உருவம் என்று அவர்கள் எண்ணிவிடக்கூடும். படைப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகுமேயன்றி ஈயாவதில்லை. கூட்டமாகப் படையெடுத்து வருவதால் அதற்கு அப்பெயர். படையீயின் பெயரோ முள்ளிலிருந்து வந்தது. மேலும், கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகவும், கழிவை மட்கச் செய்யவும் இன்று பலர் வளர்க்கும் ‘பி.எஸ்.எஃப்.’ (‘பிளாக் சோல்ஜர் ஃபிளை’) புழு இக்குடும்பத்தின் ஹெர்மீஷியா இல்லூசென்ஸ் என்ற ஈயினுடையது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகெங்கும் பரவிய அந்த ஈ பயிரைத் தின்பதில்லை, மனிதரைக் கடிப்பதில்லை. பார்வைக்குக் குளவியை ஒத்திருப்பதால் அஞ்சி அடித்துவிடுகிறார்கள். அதைக் கரும்படையீ எனலாம். ஆயினும் குடும்பத்திலேயே பெயர்பெற்ற அந்த ஈயின் சிறுகேடயத்தில் முள்ளே கிடையாது. குடும்பப் பெயர் எல்லா உறுப்பினருக்கும் அப்படியே பொருந்த வேண்டுமென்ற விதி எந்த மொழியிலும் இல்லாததால், இதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

அறிவியற்பெயரை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது, ஒலிபெயர்த்தாலே போதும். முதன்முறை எழுதும்போது பழக்கப்பட்ட பெயரையும் உடன் தருவது வாசகருக்கு உதவும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: “சிப்பாய் ஈ என்றும் வழங்கும் படையீக் குடும்பத்தில், ஓபலுமா ரூபால் என்ற புதிய சிற்றினம் ஆஸ்திரேலியாவிலிருந்து விவரிக்கப்பட்டுள்ளது.”