வெயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த மாதத்தில் தப்பான எண்ணெயோடு வந்த மூன்றாவது கார் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன சனிக்கிழமை சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் உள்ள என் பட்டறைக்கு ஒரு ஹோண்டா சிவிக் டைப் ஆர் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது என்றார் சொந்தக்காரர். முப்பது வயது இருக்கும். காரை லிஃப்டில் ஏற்றி, எஞ்சின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்பின் நட்டைக் கழற்றினேன். அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டிருந்தது. எண்ணெய் கொட்டவில்லை, வெல்லப்பாகு மாதிரி இழுத்துக்கொண்டு இறங்கியது.

"என்ன தம்பி ஊத்தியிருக்கீங்க?"

"10டபிள்யூ-60 அண்ணே. ரேஸ் காருக்குப் போடுறது. நம்ம ஊரு சூட்டுக்குக் கெட்டியா இருந்தாத்தானே நல்லது?"

அந்தக் காரின் கையேட்டில் இருப்பது 0டபிள்யூ-20.

"நம்ம ஊரு சூடு" என்ற இந்த ஒரு வார்த்தையை எத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! டாக்சி ஓட்டுநர் சொல்கிறார், வங்கி அதிகாரி சொல்கிறார், சில பட்டறைக்காரர்களே சொல்கிறார்கள். தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள்.

டபிள்யூ என்றால் 'வெயிட்' என்று பலர் நினைக்கிறார்கள். அது 'வின்டர்', குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்ற எண்ணெய் எவ்வளவு இடம்கொடுக்கிறது என்பதற்கானது. 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35 டிகிரியில் சோதிக்கிறார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30இல், 10டபிள்யூவை மைனஸ் 25இல். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியசில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 100 டிகிரி! தெம்பனிஸ் புளோக் அடியில் அடிக்கும் 33 டிகிரி வெயிலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரியில் நிற்கும்படி தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. எஞ்சின் சூடேறிவிட்டால் உள்ளே ஓடும் எண்ணெய்க்கு வெளியே ஏப்ரல் வெயிலா டிசம்பர் மழையா என்பது பெரிய விஷயமில்லை. உங்கள் கையேட்டில் வெளி வெப்பநிலை அட்டவணை இருந்தால், நம் 24 முதல் 34 டிகிரிக்கு அதில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். அட்டவணை இல்லை, ஒரே எண்தான் என்றால் அந்த எண்தான்.

கெட்டியாக இருந்தால் பாதுகாப்புதானே என்று அடுத்த கேள்வி வரும். 40 டிகிரியில் அளந்தால் 10டபிள்யூ-60 எண்ணெய் 0டபிள்யூ-20ஐவிட மூன்றரை, நான்கு மடங்கு கெட்டி. காலையில் காரை எடுக்கும்போது பம்ப் அந்தப் பாகைத்தான் தள்ள வேண்டும். சில எஞ்சின்களில் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மெல்லிய எண்ணெயை நம்பியே வைத்தது. வால்வு டைமிங்கை மாற்றும் பகுதி எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. "பிரஷர் மீட்டர் நல்லா ஏறி நிக்குது அண்ணே" என்று தம்பி பெருமையாகச் சொன்னார். அழுத்தம் ஏறுவது எண்ணெய் நகர மறுப்பதால். அது வரம்பைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய எண்ணெயைத் திரும்பச் சம்புக்கே அனுப்பிவிடும். மீட்டர் முள்ளைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு 10டபிள்யூ-60 கெட்ட எண்ணெய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இந்த மாதம் வந்த இரண்டாவது கார் பிஎம்டபிள்யூ எம்3, வி8 எஞ்சின், இ92 மாடல். நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேல் சுழலும் எஞ்சின். நிறுவனம் அதற்குச் சொன்னதே 10டபிள்யூ-60. அதில் யாரோ 5டபிள்யூ-30 ஊற்றியிருந்தார்கள், 'எல்லாக் காருக்கும் ஒரே விலை' என்ற நான்கு லிட்டர் பேக்கேஜில். பழைய ஃபில்டர் எதையும் நான் அப்படியே வீசுவதில்லை. மடிப்புத் தாளை வெட்டி எடுத்து, வெள்ளைத் துணியில் விரித்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். மடிப்புகளுக்குள் செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. தட்டில் இருந்த எண்ணெயில் விரலை விட்டு எடுத்தால் நுனியில் ஜிகினா ஒட்டியிருந்தது. பேரிங் தேய்ந்தால் வரும் பொடி அது. அந்த வகை எஞ்சினில் ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு சுழல் தண்டோடு சேரும் இடத்தில் உள்ளது) பலவீனம் என்பது தொழிலில் உள்ளவர்கள் எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பலவீனமான இடத்தில் தப்பான எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்?

காசு விஷயத்துக்கு வருகிறேன். அந்த எம்3க்கு 9 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் பிடிக்கும். லிட்டர் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தால் 9 லிட்டருக்கு 225. ஃபில்டர் 30, கூலி 60. மொத்தம் 315, 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 343 வெள்ளி. "ஆயில் மாத்த இவ்வளவா?" என்று முகம் சுளிக்கிறார்கள். 2023 அக்டோபரில் பி பிரிவு சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், 150,001 வெள்ளிக்குப் போனது. அப்படிக் காசு கொட்டி கார் வைத்திருக்கும் ஊரில் எண்ணெயில் 150 வெள்ளி மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பேரிங் மாற்ற எஞ்சினைத் திறந்தால் பில் ஆயிரக்கணக்கில்தான் ஆரம்பிக்கும். பேக்கேஜ் விலையைக் கேட்கும்போதே என் காருக்கு எத்தனை லிட்டர், பேக்கேஜில் எத்தனை லிட்டர், மேற்கொண்டு ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவருக்கு லிட்டர் 40 வெள்ளி போட்டியோட்ட எண்ணெய் தேவையில்லை. அசல் ரேஸ் எண்ணெய் பலவற்றில் கசடைக் கரைத்து வைத்திருக்கும் சேர்மானம் குறைவு. ஓட்டம் முடிந்ததும் வடித்துவிடுவார்கள் என்று நினைத்துச் செய்தது அது. அதை ஊற்றி ஓராண்டு ஓட்டாதீர்கள்.

ஓராண்டு என்றதும் சிவப்பு எண் தகடு போட்ட வாரயிறுதிக் கார்கள் ஞாபகம் வருகின்றன. வார நாள்களில் காலை 7 முதல் இரவு 7 வரை வெளியே எடுக்கக் கட்டுப்பாடு இருப்பதால் பலருக்கு ஆண்டுக்கு 3,000 கி.மீ. கூட ஓடுவதில்லை. "இன்னும் மைலேஜ் வரலையே அண்ணே" என்கிறார்கள். ஞாயிறு காலை பீஷானிலிருந்து தேக்காவுக்குப் போய் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் கார் அது. கூலன்ட் முள் நடுவில் வந்து நின்றாலும் எண்ணெய் அதற்குள் சூடாகியிருக்காது. கசிந்து கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வரும். வருடத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக மாற்றுங்கள். முடிந்தால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டுங்கள்.

தினமும் ஓட்டுபவர்களுக்கு வேறு கணக்கு. மாலை சிடிஇ விரைவுச்சாலை நெரிசலையும் சிவப்பு விளக்கையும் சேர்த்து சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. என்று வையுங்கள். 10,000 கி.மீ. ஓட எஞ்சின் 400 மணி நேரம் சுழல வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் போனால் அதே தூரத்துக்கு 125 மணி நேரம் போதும். ஐரோப்பாவில் 20,000, 30,000 கி.மீ. தாங்கும் என்று எழுதியிருப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்போ காராக இருந்தால் நான் 7,000 அல்லது 8,000 கி.மீ. தாண்ட விடுவதில்லை.

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். போகுமுன் எண்ணெய் அளவைப் பாருங்கள். நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும்போது அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதற்காக நிரம்ப ஊற்றவும் கூடாது, நுரைக்கும். டிப்ஸ்டிக் இல்லாத போர்ஷே என்றால் திரையில், கையேடு சொல்லும் முறையில் பாருங்கள். தடத்தில் ஓட்டுவதற்காக ஒரு படி கெட்டியாகப் போவதை, கையேடு அனுமதித்தால், நானும் ஏற்கிறேன். 20இலிருந்து 60 நான்கு படி. திரும்பி வந்ததும் மாற்றிவிடுங்கள்.

புட்டியில் என்ன பார்ப்பது? 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற பெரிய எழுத்தை விடுங்கள், பின்பக்கம் திருப்புங்கள். போர்ஷே ஏ40, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01, மெர்சிடிஸ் 229.5 என்று உங்கள் கையேட்டில் உள்ள அங்கீகார எண் அங்கே இருக்க வேண்டும். 'இந்தக் கார்களுக்கு ஏற்றது' என்பது விற்பவர் சொல்வது. 'அங்கீகாரம்' என்பது கார் நிறுவனம் கொடுத்தது. டர்போவும், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் அமைப்பும் உள்ள ஜப்பானியக் கார்களுக்கு, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 'ஏபிஐ எஸ்பி' என்ற தரக் குறியைப் பாருங்கள். 2020இல் வந்த தரம் அது. மலிவாக விற்கும் பழைய எஸ்என் சரக்கு வேண்டாம். இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒரே பெட்டியில் வந்த புட்டிகளில் தொகுதி எண் சுரண்டப்பட்டிருந்ததை என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் கண்முன்னே மூடி உடைக்கச் சொல்லுங்கள். எந்த நல்ல பட்டறைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, 2017 இறுதியில் பெரும்பாலான கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ரசீதில் எண்ணெயின் தரம், அங்கீகார எண், லிட்டர், தேதி, மைலேஜ் ஐந்தையும் எழுதி வாங்குங்கள். வெறும் 'ஆயில் சர்வீஸ்' என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது.

டைப் ஆர் தம்பிக்கு 0டபிள்யூ-20 ஊற்றி, பானட்டின் உள்பக்கம் தேதியும் எண்ணும் எழுதிய டேப்பை ஒட்டி அனுப்பினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்று முறை காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், வால்வு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.